கிராம்புத் தீவும் அடிமைச் சந்தையும்



நம் இல்லங்களின் அஞ்சறைப் பெட்டியில் கிராம்பு தவறாமல் இருக்கும். நெய்ச்சோற்றுக்கு இரண்டு, இறைச்சிக் குழம்புக்கு நான்கு, பல்வலி வந்தால் கடைவாயில் ஒதுக்கிக்கொள்ள ஒன்று என அதனை நாம் பலவாறு பயன்படுத்துகிறோம். மலாய் மொழியில் அதற்குப் 'புங்கா செங்கே' என்று பெயர். புங்கா என்றால் மலர். பெயர் சொல்வது போலவே கிராம்பு காயும் அன்று, விதையும் அன்று. அது விரியாத பூ மொட்டு. மலருமுன் கையால் பறித்து வெயிலில் உலர்த்தினால்தான் அதற்கு மணமும் விலையும் உண்டு.

இந்த மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் மொலுக்கசுத் தீவுகள். நெடுங்காலம் வேறெங்கும் அது விளையவில்லை. 1770ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரர்கள் அதன் கன்றுகளை மொரீசியசுக்குக் கொண்டு சென்றார்கள். 1800ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதனைப் பினாங்கில் நட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவாகிய சான்சிபாரைச் சென்றடைந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகச் சந்தைக்கு வந்த கிராம்பின் பெரும்பகுதி சான்சிபாரிலும் அதன் உடன்பிறப்பான பெம்பாத் தீவிலும் விளைந்தது. அந்த மொட்டுகளைப் பறித்த கைகள் யாருடையவை? இந்த ஒரு கேள்வியைத் துணையாகக் கொண்டு இன்று நாம் அத்தீவைச் சுற்றி வருவோம்.

சான்சிபார் இன்று தான்சானியா நாட்டின் ஒரு பகுதி. பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. தாருச்சலாம் நகரத் துறைமுகத்தில் விரைவுப் படகு ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம். படகு கரையை நெருங்கும்போதே பவளக் கல்லால் கட்டிய வெண்ணிற மாளிகைகளின் வரிசை நம் கண்ணில் படுகிறது. அதுதான் கல் நகரம் என்னும் பழைய நகரம். 2000ஆம் ஆண்டில் யுனெசுகோ அதனை உலக மரபுரிமைச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

நகரத்தின் சந்துகள் மிகவும் குறுகலானவை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். வீட்டு வாசல்களில் பெரிய மரக்கதவுகள். சிலவற்றில் அரபு எழுத்து, சிலவற்றில் தாமரையும் கொடியும், சிலவற்றில் குசராத்து மாநிலத்தில் காணப்படுவன போன்ற பித்தளைக் குமிழ்கள். இங்கே யார் யார் வந்து வாழ்ந்தார்கள் என்பதை அந்தக் கதவுகளே சொல்லிவிடுகின்றன. மக்களின் மொழி சுவாகிலி. அதில் நாற்காலிக்கு முன்னுள்ள பலகைக்கு 'மேசா' என்று பெயர். மலாயில் 'மேஜா', தமிழில் 'மேசை'. மூன்றும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற ஒரே சொல். இந்தியப் பெருங்கடல் மக்களைப் பிரித்த கடல் மட்டுமன்று, இணைத்த கடலும் ஆகும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

அந்த இணைப்பைச் செய்தது பருவக்காற்று. ஆண்டின் இறுதியில் வடகிழக்குக் காற்று எழும். சுவாகிலி மக்கள் அதனைக் 'காசுகாசி' என்பர். அரேபியாவிலிருந்தும் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்தும் மரக்கலங்கள் அந்தக் காற்றில் பாய்விரித்து வந்து சேரும். ஏப்ரல் மாதத்துக்குப் பின் தென்மேற்குக் காற்று வீசும். அதற்குக் 'கூசி' என்று பெயர். வந்த கலங்கள் அந்தக் காற்றில் திரும்பும். வரும்போது துணி, பேரீச்சம்பழம், மண்பாண்டம். போகும்போது யானைத் தந்தம், கம்புமரம், ஆமையோடு. இவற்றோடு மனிதர்களும் சரக்காகப் போனார்கள்.

இந்தக் கரையில் அடிமை வாணிகம் பல நூற்றாண்டுப் பழமையுடையது. ஆனால், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் அது முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. அதற்குக் காரணங்கள் என்ன? முதலாவது, மொரீசியசு, ரீயூனியன் தீவுகளில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய தோட்டங்கள். அவற்றுக்கு வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். இரண்டாவது, ஓமான் நாட்டு அரசர்களின் எழுச்சி. 1698இல் மொம்பாசாக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய ஓமானியர், மெல்ல மெல்லக் கரை முழுவதிலும் செல்வாக்குப் பெற்றனர். அவர்களுள் 1806 முதல் 1856 வரை ஆண்ட சையிது சயீது பின் சுல்தான் சான்சிபாரின் செழிப்பில் மனம் பறிகொடுத்து, 1840ஆம் ஆண்டளவில் தம் தலைநகரையே மசுகட்டிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார். மூன்றாவது காரணம்தான் நாம் முதலில் சொன்ன கிராம்பு.

கிராம்பு மரம் பலன் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை களை எடுக்க வேண்டும், கன்றைக் காக்க வேண்டும். மொட்டுகள் எல்லாம் ஒரே நாளில் முதிர்வதில்லை. ஆகவே ஒரே மரத்தில் பல முறை ஏறிப் பறிக்க வேண்டும். காம்பிலிருந்து மொட்டைப் பிரிக்க வேண்டும், பாயில் பரப்ப வேண்டும், மழை வருமுன் வாரி எடுக்க வேண்டும். இத்தனைக்கும் இயந்திரம் இல்லை. மனிதக் கை ஒன்றே கருவி. காடு திருத்திக் கிராம்பு நட்ட நிலக்கிழார்கள் கூலி கொடுத்து ஆள் தேடவில்லை. விலை கொடுத்து ஆள் வாங்கினார்கள். கிராம்பு பெருகப் பெருக அடிமைகளின் தேவையும் பெருகியது. தொடக்கத்தில் வேறு நாடுகளுக்கு அனுப்பும் இடைத்துறையாக இருந்த சான்சிபார், பின்னர் அடிமைகளைத் தானே விழுங்கும் தீவாக மாறியது.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இன்றைய மலாவி நாட்டு ஏரிக்கரையிலிருந்தும், மொசாம்பிக்கின் வடபகுதியிலிருந்தும், பின்னாளில் காங்கோவின் கிழக்கிலுள்ள மன்யேமா நாட்டிலிருந்தும் வந்தார்கள். உள்நாட்டில் சிற்றரசுகளுக்கிடையே நடந்த போர்களில் சிலர் பிடிபட்டார்கள். கிராமங்களைக் கொளுத்தி நடத்திய வேட்டையில் பலர் பிடிபட்டார்கள். பஞ்சக் காலத்தில் உறவினராலேயே விற்கப்பட்டவர்களும் உண்டு. ஆண்களின் கழுத்தைக் கவைக்கம்புகளில் பூட்டினார்கள். பெண்களையும் சிறுவர்களையும் கயிற்றாலும் சங்கிலியாலும் பிணைத்தார்கள். மாதக்கணக்கில் நடந்து கில்வா போன்ற கரையோரத் துறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நடக்க முடியாதவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள். வழியில் மடிந்தவர்களுக்குக் கணக்கு ஏது? சுங்கச் சாவடிக்கு வந்து சேர்ந்தவர்களைத்தான் ஏடுகள் அறியும்.

கரையிலிருந்து தீவுக்கு மரக்கலத்தில் ஏற்றினார்கள். 1868ஆம் ஆண்டு 'டாப்னி' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் இக்கடலில் அடிமைக் கலங்களை மடக்கியது. அப்போது மீட்கப்பட்டவர்கள் கப்பல் தளத்தில் அமர்ந்திருக்கும் ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. எலும்பும் தோலுமான சிறுவர்கள், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒளிப்படக் கருவியை வெறித்துப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய அனைவருமே இளையவர்கள். அந்தப் படங்களை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்க மாட்டார்.

சந்தை கூடிய இடத்தின் பெயர் இம்குனசீனி. இம்குனசி என்பது இலந்தை மரம். எனவே இலந்தை மரத்தடி என்று பொருள்படும். நம் ஊர்களில் ஆலமரத்தடியும் புளியமரத்தடியும் இருப்பது போன்ற எளிமையான பெயர். அந்த மரத்தடியில்தான் பிற்பகல் வேளையில் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள். வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்த்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். 1860களில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பேர் வரை சான்சிபார் வழியாகச் சென்றதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். ஒரு பகுதியினர் தீவின் தோட்டங்களுக்குச் சென்றார்கள். மற்றவர்கள் அரேபியாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று சுங்க வரியும் உண்டு.

நேயர்களே, இந்தச் சுங்க வரி என்னும் சொல்லில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடிமை வாணிகத்தை அரபு வணிகர்களின் குற்றமாக மட்டுமே எழுதிய நூல்கள் பல. 'திப்பு திப்பு' என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட அமீது பின் முகம்மது போன்ற பெருவணிகர்கள் காங்கோ வரை சென்று தந்தமும் அடிமைகளும் திரட்டியது உண்மையே. 1905இல் அவர் இறந்தார். கல் நகரத்தில் அவர் வாழ்ந்த வீட்டின் செதுக்குக் கதவை இன்றும் காணலாம். ஆனால் உள்நாட்டில் மனிதரைப் பிடித்துக் கொடுத்த ஆப்பிரிக்கத் தலைவர்களும் இருந்தார்கள். அரசரின் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து, பல்லாண்டுகள் நடத்தியது கட்ச் பகுதியைச் சேர்ந்த செயராம் சிவ்சி என்னும் இந்திய வணிக நிறுவனம். காடு நோக்கிப் புறப்பட்ட வணிகக் கூட்டங்களுக்குத் துணியும் மணியும் கடனும் கொடுத்தவர்களுள் இந்திய வணிகர்களே முதன்மையானவர்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் சங்கிலியைத் தொட்டதில்லை. எனினும் அந்தச் சங்கிலி அவர்கள் பணத்தால் நீண்டது.

வீட்டிலும் தோட்டத்திலும் அடிமைகளை வைத்திருந்த இந்தியர்களும் பலர். அவர்கள் பிரித்தானியக் குடிமக்கள் ஆதலால் அடிமைகளை வைத்திருக்க உரிமை இல்லை என்று சொல்லி, 1860ஆம் ஆண்டில் ரிக்பி என்னும் பிரித்தானியத் தூதர் ஆயிரக்கணக்கானோரை விடுவிக்கச் செய்தார்.

மேலை நாட்டாரின் பங்கும் சிறிதன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு ஆலைகளில் நெய்த முரட்டுத் துணி இங்கே 'மெரிகானி' என்ற பெயரில் நாணயம் போலவே வழங்கியது. அந்தப் பஞ்சை விளைவித்தவர்கள் அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைகள். அந்தத் துணிக்கு ஈடாகத் தந்தம் வாங்கப்பட்டது. அந்தத் தந்தம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பியானோக் கட்டைகளாகவும் பில்லியர்டு பந்துகளாகவும் சீப்புகளாகவும் மாறியது. ஒரு கண்டத்தில் அடிமை விளைவித்த பஞ்சு, மற்றொரு கண்டத்தில் அடிமையை வாங்கும் விலையாயிற்று. வாணிகத்தின் இந்த நீண்ட வலையில் எவருடைய கையும் முழுத் தூய்மையாக இல்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் நாம் கேட்க வேண்டும். கீழை நாட்டு அடிமை முறை அமெரிக்க அடிமை முறையைப் போன்று கொடியதன்று என்று சொல்வோர் உண்டு. சையிது சயீதின் மகளாகிய சால்மே இளவரசி செருமானிய வணிகர் ஒருவரை மணந்து, எமிலி ருயெட்டே என்ற பெயரோடு 1886இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அதில் அவரும் இந்த வாதத்தையே முன்வைத்தார். அவருடைய தாயாரும் விலைக்கு வாங்கப்பட்ட சர்க்காசியப் பெண்ணே. இசுலாமியச் சட்டப்படி எசமானருக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண் அவர் இறந்தபின் விடுதலை பெறுவாள். பிள்ளையும் அடிமை ஆகாது. அடிமையை விடுவிப்பது அறமென்று போற்றப்பட்டது. தனித்து வாணிகம் செய்ய அனுமதி பெற்ற அடிமைகளும் இருந்தார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் அரண்மனையின் உள்ளிருந்து பார்த்த கண்ணுக்குக் கில்வாவுக்கு நடந்து வந்த பாதை தெரியவில்லை. வீட்டில் அன்பாக நடத்தப்பட்ட ஒருவருக்குப் பின்னால், வழியில் மடிந்தவர்கள் இருந்தார்கள். எரிந்த ஊர் இருந்தது. கூண்டு பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

இனி, இந்த வாணிகம் எவ்வாறு முடிந்தது என்று பார்ப்போம். பிரித்தானியா 1807இல் தன் குடிமக்கள் அடிமை வாணிகம் செய்வதைத் தடை செய்தது. 1822இல் கப்பல் தலைவர் மோர்சுபி, சையிது சயீதோடு ஓர் உடன்படிக்கை செய்தார். கிறித்தவ நாட்டாருக்கு அடிமைகளை விற்பது நின்றது. 1845இல் கையெழுத்தான உடன்படிக்கைப்படி அரேபியாவுக்கு அனுப்புவதும் தடுக்கப்பட்டது. ஆயினும் சுல்தானின் ஆப்பிரிக்க ஆட்சிப் பகுதிக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லத் தடையில்லை. இந்த ஓட்டை வழியாகவே வாணிகம் மேலும் கால் நூற்றாண்டு நடந்தது.

1872ஆம் ஆண்டு ஏப்ரலில் வீசிய பெரும்புயல் சான்சிபாரின் கிராம்பு மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தது. அடுத்த ஆண்டு, முன்னர் பம்பாய் ஆளுநராக இருந்த பார்ட்டில் பிரேர் தூது வந்தார். சுல்தான் பர்காசு மறுத்தார். தீவைப் போர்க்கப்பல்களால் சூழ்ந்து முற்றுகை இடுவோம் என்ற எச்சரிக்கை வந்தது. தூதர் சான் கிர்க்கின் வற்புறுத்தலால் 1873ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் பர்காசு கையெழுத்திட்டார். கடல் வழியாக அடிமைகளைக் கொண்டு செல்வது முற்றிலும் தடை செய்யப்பட்டது. இலந்தை மரத்தடிச் சந்தை மூடப்பட்டது.

சந்தை இருந்த அந்த நிலத்தில் இன்று ஒரு தேவாலயம் நிற்கிறது. 1873ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆங்கிலிக்கன் ஆயர் எட்வர்டு இசுடீர் அதனைத் தாமே திட்டமிட்டுக் கட்டுவித்தார். சுவாகிலி மொழியை ஆழ்ந்து கற்று, இலக்கணமும் மொழிபெயர்ப்பும் செய்த அறிஞர் அவர். பலிபீடத்தின் அருகே தரையில் ஒரு வட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது. அடிமைகளைக் கட்டி வைத்து அடித்த கம்பம் நின்ற இடம் அது என்கிறார்கள். சுவரில் ஒரு சிறிய மரச்சிலுவை இருக்கிறது. இன்றைய சாம்பியாவில் 1873இல் இறந்த டேவிட் லிவிங்சுடனின் இதயம் எந்த மரத்தடியில் புதைக்கப்பட்டதோ அந்த மரத்தில் செய்தது.

லிவிங்சுடனின் பெயரை உலகம் அறியும். அவர் உடலைப் பதப்படுத்தி, நூற்றுக்கணக்கான கல் தொலைவு காட்டு வழியே சுமந்து கரை சேர்த்தவர்களை எத்தனை பேர் அறிவார்கள்? அவர்களுள் சூமா சிறுவனாக இருந்தபோது அடிமைக் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டவர். அந்த மரத்தில் எழுத்துச் செதுக்கி, இறுதி வழிபாட்டு வாசகம் படித்த யாக்கோபு வெயின்ரைட்டும் மீட்கப்பட்ட அடிமையே. அவர் கல்வி கற்றது எங்கே தெரியுமா? இந்தியாவில், நாசிக் நகரை அடுத்த சரண்பூரில். போர்க்கப்பல்கள் மீட்ட சிறுவர்களுள் பலர் பம்பாய்க்குக் கொண்டு செல்லப்பட்டு அங்குள்ள கிறித்தவ விடுதியில் வளர்ந்தார்கள். அவர்களைப் 'பம்பாய் ஆப்பிரிக்கர்' என்றே அழைத்தனர். 1870களில் அவர்களுட் பலர் மீண்டும் ஆப்பிரிக்கா திரும்பி, மொம்பாசா அருகே பிரேர் நகர் என்னும் குடியிருப்பில் ஆசிரியர்களாகவும் கைவினைஞர்களாகவும் பணி செய்தார்கள்.

இன்னொருவர் சீதி முபாரக் பம்பாய். சிறுவயதில் பிடிபட்டு, இந்திய வணிகர் ஒருவருக்கு விற்கப்பட்டு, குசராத்தில் வளர்ந்தவர். எசமானர் இறந்தபின் விடுதலை பெற்றுச் சான்சிபார் திரும்பினார். நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிப் போன பர்ட்டனுக்கும் இசுபீக்குக்கும், பின்னர் இசுட்டான்லிக்கும் வழித்துணையாக நின்றவர் அவர். வரைபடங்களில் வெள்ளையர்களின் பெயர்கள் பதிந்தன. பாதை தெரிந்தவரோ முன்னாள் அடிமை.

தேவாலயத்தின் அருகே பழைய விடுதிக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் அடியில் கூரை தாழ்ந்த இரண்டு இருட்டறைகள். விற்பனைக்கு முன் அடிமைகளை இங்கேதான் அடைத்து வைத்தார்கள் என்று வழிகாட்டிகள் நமக்குச் சொல்கிறார்கள். நிமிர்ந்து நிற்க முடியாத அந்த அறைக்குள் புகுந்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால், அக்கட்டடமே சந்தை மூடப்பட்ட பிறகு கிறித்தவச் சபையார் எழுப்பியது என்றும், அறைகள் பொருள் வைக்கக் கட்டியவை என்றும் வரலாற்றாசிரியர் சிலர் கூறுகின்றனர்.

அப்படியானால் அந்த அறையில் நாம் உணர்ந்த துயரம் பொய்யா? பொய்யன்று. ஆயினும் துயரம் மெய்யானது என்பதால் கட்டடத்தின் வயதும் மெய்யாகிவிடாது. கொடுமை நடந்ததற்குச் சான்றுகள் ஏராளம்: உடன்படிக்கைகள், சுங்கக் கணக்குகள், தூதர்களின் கடிதங்கள், டாப்னி கப்பலின் ஒளிப்படங்கள். இத்தனை இருக்கும்போது ஐயத்துக்குரிய ஒன்றையும் சேர்த்துச் சொன்னால், நாளை யாரேனும் அந்த ஒன்றை மறுத்து, மற்ற அனைத்தையும் மறுக்கத் துணிவார்கள். மாண்டவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதைகளுள் ஒன்று, அவர்களைப் பற்றித் துல்லியமாகப் பேசுவது.

நகருக்கு வடக்கே கடலோரத்தில் மங்காப்வானி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே பவளப் பாறையைக் குடைந்து அமைத்த ஒரு நிலவறை உண்டு. 1873க்குப் பின், சட்டத்தின் கண்ணுக்கு மறைத்து அடிமைகளை ஒளித்து வைத்த இடம் என அது அறியப்படுகிறது. சந்தையை மூடிய நாளில் அடிமைமுறை மூடப்படவில்லை என்பதற்கு அது சான்று. விற்பதும் கடல்வழி கொண்டு செல்வதும்தான் குற்றமாயிற்று. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர் அடிமையாகவே இருந்தார்.

1890இல் சான்சிபார் பிரித்தானியப் பாதுகாப்பு நாடாயிற்று. அடிமை ஒழிப்புக்காக வந்தவர்கள் ஆட்சியாளர்களாக அமர்ந்தார்கள். அமர்ந்த பிறகும் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஏன்? கிராம்பு வருவாய் குறைந்துவிடுமே என்ற அச்சம்! 1897இல் வந்த ஆணையும் எல்லாரையும் ஒரே நாளில் விடுவிக்கவில்லை. அடிமை தாமே நீதிமன்றம் சென்று விண்ணப்பிக்க வேண்டும். எசமானர்களுக்கு இழப்பீடு உண்டு. அடிமைகளுக்கு இழப்பீடு இல்லை. அந்தப்புர அடிமைப் பெண்களுக்கு 1909ஆம் ஆண்டு வரை அந்த ஆணையின் பயனும் முழுமையாகக் கிட்டவில்லை. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் இல்லை. பலர் பழைய எசமானரின் தோட்டத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு, மரவள்ளி பயிரிட்டு, கிராம்புக் காலத்தில் கூலிக்குப் பறித்தார்கள்.

இங்கே நம்மவர் வரலாறும் நினைவுக்கு வராமல் இல்லை. 1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில், மொரீசியசுக் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் செல்லத் தொடங்கினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் மூதாதையர் சஞ்சிக்கூலிகளாக வந்தார்கள். மலாயாவில் அம்முறை 1910இல்தான் முடிவுக்கு வந்தது. சஞ்சிக்கூலி அடிமையல்லர், அவருக்கு ஒப்பந்தக் காலம் உண்டு, கூலி உண்டு, அவர் பிள்ளைகள் எவருடைய உடைமையும் அல்லர். இந்த வேறுபாட்டை நாம் மறைக்கக் கூடாது. ஆனால், அடிமைகள் விட்டுச் சென்ற மண்வெட்டியைப் பிடிக்கவே ஒப்பந்தக் கூலிகள் அழைக்கப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கடலின் ஒரு கரையில் நம்மவருள் சிலர் கடன் கொடுத்து ஆதாயம் பெற்றார்கள். மறு கரையில் நம்மவருள் பலர் கடன்பட்டு மண்வெட்டி பிடித்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

விடுதலை பெற்றவர்கள் வெறும் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. அடிமைப் பெண்கள் அணிந்தது கருநீல முரட்டுத் துணி. விடுதலைக்குப் பின் அவர்கள் அதனைக் களைந்து, பூவும் கொடியும் அச்சிட்ட 'கங்கா' என்னும் வண்ணத் துணியை உடுத்தினார்கள். அது வெறும் ஆடை மாற்றமன்று. நாமும் மதிப்புடையவர் என்னும் அறிவிப்பு. 1880ஆம் ஆண்டளவில் அடிமை வழிக் குடும்பத்தில் பிறந்த சித்தி பிந்தி சாது, மண்பாண்டம் விற்றுத் திரிந்த ஏழைப்பெண். அவர் பின்னாளில் தாராப் இசையின் தலைசிறந்த பாடகியானார். அரபு மொழியில் அரண்மனைக்குள் ஒலித்த அந்த இசையைச் சுவாகிலி மொழியில் எளிய மக்களுக்குப் பாடினார். 1928இல் பம்பாய் சென்று இசைத்தட்டுப் பதிவு செய்தார். எந்தக் கடலில் மனிதர்கள் சரக்காகச் சென்றார்களோ, அதே கடலைக் கடந்து அடிமை வழிவந்த ஒரு பெண்ணின் குரல் புகழோடு சென்று வந்தது.

எனினும் பழைய புண் எளிதில் ஆறுவதில்லை. 1963 டிசம்பரில் சான்சிபார் விடுதலை பெற்றது. ஒரு திங்கள் கழித்து, 1964 சனவரி 12ஆம் நாள் புரட்சி வெடித்தது. சுல்தான் ஆட்சி கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கான அரபியர்கள் கொல்லப்பட்டார்கள். இந்தியர்களும் உயிரிழந்தார்கள், பலர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அப்புரட்சிக்கு நிலம், வறுமை, கட்சிப் பூசல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அடிமைக் காலத்து நினைவு அந்தத் தீக்கு எண்ணெயாக ஊற்றப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. தாத்தன் வாங்கியதற்காகப் பேரன் மாண்டான். அவர்களுள் பலருடைய தாத்தன் எவரையும் வாங்கியவனே அல்லன். வரலாற்றை மறைத்தாலும் கேடு. பழிவாங்கும் கருவியாக்கினாலும் கேடு. அந்த ஆண்டு ஏப்ரலில் சான்சிபாரும் தங்கனீக்காவும் இணைந்தன, தான்சானியா பிறந்தது.

தேவாலயத்தின் பக்கத்தில், தரையில் வெட்டிய ஒரு குழி இருக்கிறது. அதனுள் ஐந்து உருவங்கள். சுவீடன் நாட்டுச் சிற்பி கிளாரா சோர்னாசு 1998இல் அமைத்தது. கழுத்துகளில் இரும்பு வளையம், இணைக்கும் சங்கிலி. மேலே நிற்கும் நாம் குனிந்துதான் அவர்களைப் பார்க்க முடியும். அவர்களுக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை. பெயர்கள் இருந்திருக்கும், தாய் வைத்த பெயர்கள். கழுத்தில் வளையம் விழுந்த நாளில் அவை பறிபோயின.

சுவாகிலி மொழியில் அடிமைக்கு 'இம்தும்வா' என்பது சொல். ஏவப்படுபவர், பிறரால் அனுப்பப்படுபவர் என்று அதன் வேர்ப்பொருள். தன் விருப்பத்தால் ஓரடியும் எடுத்து வைக்க இயலாதவர் என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது. சங்கிலி இல்லாமலும் ஒருவரை அந்நிலையில் வைக்க முடியும். கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டு, தீராத கடனைக் காட்டி, வெளியே போக விடாமல் வேலை வாங்கும் இடங்கள் இன்றும் உலகின் பல பகுதிகளில் உள்ளன. அத்தகைய ஒருவரை நாம் வாழும் ஊரிலேயே காண நேரிட்டால், இம்குனசீனியின் இலந்தை மரத்தடியில் நின்றவர்களை அன்று வேடிக்கை பார்த்துச் சென்ற கூட்டத்தைப் போல் நாமும் கடந்து போய்விடக் கூடாது. சான்சிபார் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.